மெஷினைக் குளிப்பாட்டியவன்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். உன் பெண்ணும் இப்போது நலம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதறாதே. நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை நீ கூப்பிட்டு, என்னப்பா இன்னைக்குக் காத்து செவப்புன்னு காட்டுது, காத்துல தூசி அளக்கற அந்த மெஷின் கெட்டுப்போச்சா என்று கேட்டாய். பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். வாயைத் திறந்திருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் உன் பெண்ணுக்கு இழுப்பு வந்துவிட்டது. நீ பயப்படுவாய் என்று மறைத்தோம். அன்று காலையில் நீதான் போனில் பார்த்து, நம்பரையும் அனுப்பி, பச்சை காட்டுதுப்பா, வெளியே விளையாட விடுங்க என்றாய். விட்டோம். மத்தியானம் விலா உள்வாங்க மூச்சுக்குத் திணறினாள், உதடெல்லாம் நீலம். தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா முகத்தில் மாஸ்க் வைத்து மருந்து கொடுத்த பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத தூசி நேரா நுரையீரலுக்குப் போய் ரத்தத்துலயும் கலந்துடும், பிஞ்சு நெஞ்சு தாங்குமா, ஏன் வெளியே விட்டீங்க என்று டாக்டரம்மா திட்டினார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நீ அனுப்பிய நம்பரை நீட்டிக் காட்டினேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல இருக்கற மெஷின்தானே, அது சரியாக் காட்டுதா என்றார். ஏன் காட்டாது, தினமும் ஆறு நடை நான்தானே தண்ணி லாரியில போய் அதைச் சுத்திப் பீய்ச்சி, மரம் செடியெல்லாம் கழுவிவிடறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது, நான் தண்ணீர் பீய்ச்சித் தூசியை அடக்கிய இடத்துக் காற்றைத்தான் அந்த மெஷின் அளக்கிறது.

இரண்டு வருஷம்! நம் வீட்டுக்குப் பின்னால் சூளைத் தெருவில் தூசியில் எதிரே வரும் ஆள் முகம் தெரியாது, அங்கே ஒரு சொட்டு விடக் கூடாது, அந்த மெஷினைச் சுற்றி நூறு அடிக்கு மட்டும் ஆறு நடை. யாரோ பெரிய அதிகாரி வீடு பக்கத்தில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன், அறிவு கெட்டவன். எனக்கு வேலை சொல்லும் சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டேன். நம்பர் ஏறினா மேலேருந்து எனக்குத்தான் வசவு விழுது, உனக்கென்னய்யா, சொன்னதைச் செய் என்றான். எனக்கென்னவாம்! அவன் பிள்ளையை ஒரு நாள் சூளைத் தெருவில் ஓடவிட்டுப் பார்க்கட்டும். காய்ச்சல்காரன் நாக்கில் ஐஸ்கட்டியை வைத்துவிட்டு ஜுரமே இல்லை என்று எழுதுகிற கூட்டம். அவனைச் சொல்லி என்ன, வாய்க்குள் ஐஸை வைத்த கை என்னுடையது. உன் அம்மா என்னோடு பேசுவதில்லை, தட்டை நங்கென்று வைப்பதோடு சரி. அவள் மேல் தப்பில்லை. செவ்வாய்க்கிழமை லாரியை நேரே சூளைத் தெருவுக்கு விட்டு முழுத் தண்ணீரையும் அங்கே தெளித்தேன். பத்து மணிக்கு உனக்குச் சிவப்பு தெரிந்தது. மெஷின் கெடவில்லை அம்மா, அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னது.

அன்று சாயங்காலமே சூப்பர்வைசர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டான். அதற்காகக் கவலைப்படாதே, லாரி ஓட்டத் தெரிந்தவன் பட்டினி கிடக்க மாட்டான். வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நாளையிலிருந்து வேறொருவன் லாரியை எடுக்கிறான். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் மறுபடியும் பச்சை காட்டும். அதை நம்பிக் குழந்தையை வெளியே விடச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அப்பா