இரண்டு தீவுகளுக்கு நடுவே வீசிய காற்று

நம் இருவருக்கும் பேச்சு நின்றது தலைமைக் குமாஸ்தா வேலையால் என்று சொல்லித் திரிகிறார்கள். உன் கணவருக்கு வரவேண்டிய வேலை என் கணவருக்குப் போய்விட்டதாம், நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாயாம். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். அது தவறு. வேலைக்காக நீ ஒருநாளும் என்னிடம் முகம் கோணியதில்லை. நாம் பிரிந்தது ஒரு கொள்ளைக்காரக் கப்பலால். பிழை என்னுடையது. நம்பமாட்டார்கள் என்பதால் யாரிடமும் சொன்னதில்லை என்று இத்தனை வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெட்கத்தால்தான் சொல்லவில்லை.

இன்று காலை, இவருடைய பென்ஷன் காகிதம் ஒன்றைத் தேடி, மூணாறிலிருந்து கொண்டுவந்த தேயிலைப் பெட்டியைத் திறந்தேன். பலகையில் இன்னும் தேயிலை வாசனை இருக்கிறது. அடியில் நான்காக மடித்த ஒரு தாள். என் கையெழுத்து. ‘பாய்களின் பெயர்கள், கயிறுகளின் பெயர்கள், காற்றுகளின் பெயர்கள்’ என்று மூன்று பத்திகள், சிவப்புப் பென்சிலால் அடிக்கோடு. ஓரத்தில் உன் கோணல் எழுத்தில், ‘கப்பலில் ஆடு மாடு உண்டா? கேட்டுச் சொல்லவும்.’

எழுபத்தெட்டாம் வருடம் என்று நினைக்கிறேன். வணிகக் கப்பலில் வேலையாயிருந்த என் தம்பி, ஏதோ ஒரு துறைமுகத்தில் மாலுமிகள் விடுதியில் அமெரிக்கப் பையன்கள் ஆடிய ஒரு விளையாட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தான். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு நான் இதைச் செய்கிறேன் என்பார்கள், நடக்குமா நடக்காதா என்பதைத் தாயக்கட்டை தீர்மானிக்கும். நமக்கு மழை பெய்துகொண்டே இருந்த ஊர், தேயிலை எஸ்டேட் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் பக்கத்துப் பக்கத்து வீடு, ஞாயிறு மத்தியானம் ஆண்களுக்குச் சீட்டாட்டம். நான் அந்தக் கடிதத்தை உனக்குப் படித்துக் காட்டினேன். நீ அரிசி களைவதை நிறுத்திவிட்டுக் கேட்டாய்.

“நாம கப்பல் கொள்ளைக்காரங்களா இருக்கலாமுங்க்கா. நான் கதை சொல்றனுங்க.”

பள்ளிக்கூட டீச்சர் பாய்மரத்தின் உச்சியில் ஏறித் தூரத்தைப் பார்ப்பவள் ஆனாள். டிஸ்பென்சரி கம்பவுண்டர் அண்ணாச்சியைச் சேர்த்துக்கொண்டதே ஒரு ஆணாவது வேண்டும் என்றுதான். அவரோ, “எனக்கு வெட்டுக்குத்து வேண்டாம் தாயி, கட்டுப் போடுத வேலையைக் குடு” என்று கப்பல் வைத்தியர் ஆகிவிட்டார். நான் கப்பித்தான். தாயக்கட்டைக்குப் பதில் ஆறு சோழி. நம் நால்வரில் யாரும் கடலைப் பார்த்ததில்லை. கடலிலிருந்து நம்மிடம் வந்திருந்தவை அந்த ஆறு சோழிகள்தான்.

கதை உன்னுடையது. தகவல் தேடுவது என் பொறுப்பு. நீ உன் ஊர் எலப்புள்ளியில் எட்டாவதோடு நின்றவள், நான் கான்வென்ட்டில் படித்தவள், ஆங்கிலம் எனக்குத்தான் தெரியும் என்று நானே எடுத்துக்கொண்ட பொறுப்பு. கிளப்பில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன புத்தக அலமாரி ஒன்று இருந்தது. குமாஸ்தா வீட்டுப் பெண்கள் முன்வாசல் வழியாகப் போக முடியாது. கிளப்பைப் பார்த்துக்கொண்ட மார்க்கர், வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சமையற்கட்டுக் கதவைத் திறந்துவிடுவார். யார் வீட்டிலும் பின்வாசல் வழியாக நுழையாத நான், வெங்காயத் தோலை மிதித்துக்கொண்டு கொள்ளைக்காரர்களுக்காகப் போனேன். கலைக்களஞ்சியத்தில் கப்பல் இருக்கவேண்டிய தொகுதியைக் கரையான் தின்றிருந்தது. அதனால் கயிறு என்ற தலைப்பில் கொஞ்சம், காற்று என்ற தலைப்பில் கொஞ்சம் என்று பொறுக்கினேன். கப்பல் மரத்தில் எத்தனை பாய், குடிதண்ணீர் எத்தனை நாளில் கெடும், பிஸ்கட்டில் எப்படிப் புழு வரும், எல்லாம் எழுதிக்கொண்டு வருவேன். கொள்ளைக்காரர்கள் தங்களுக்குள் சட்டம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள் என்பதைக் கண்டுபிடித்த அன்று எனக்கிருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கப்பித்தானைக் கூடி வாக்களித்து இறக்கலாம். ஆனால் சண்டை நடக்கும்போது மட்டும் நடத்துபவரை எதிர்த்து யாரும் பேசக்கூடாது. அதை நான்தான் உரக்கப் படித்தேன். “இது நம்ம ஊட்டுக்கும் ஆகுமுங்க்கா” என்று நீ சிரித்தாய்.

வரைபடத்தை நீ வரைந்தாய். ஒருநாள் விடிந்ததும் என்னை வாசலுக்குக் கூப்பிட்டாய். பள்ளத்தாக்கு முழுவதும் மேகம் நிறைந்து, மலையுச்சிகள் மட்டும் மேலே தெரிந்தன. “அதோ பாருங்க்கா, கடலு” என்றாய். அந்த உச்சிகளை அப்படியே தீவுகளாகத் தேயிலைப் பெட்டிக் காகிதத்தில் வரைந்தாய். நான் உடனே அளவுகோலை வைத்து, இத்தனை விரற்கடைக்கு இத்தனை மைல் என்று கணக்குப் போட்டேன். உனக்கு அது தேவைப்படவில்லை என்று இப்போது புரிகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இரண்டு போர்க்கப்பல்கள் நம்மைத் துரத்தின. முன்னால் இரண்டு மலைத்தீவுகள், நடுவே குறுகலான வழி. நீ சொல்லிக்கொண்டே எழுந்து நின்றுவிட்டாய். டீச்சர் வாயைத் திறந்தபடி இருந்தாள். தீவுகளுக்கு நடுவே நுழைந்ததும் காற்று இருமடங்காகி, பாய் விம்மி, கப்பல் அம்பு மாதிரிப் போகிறது என்றாய். நான் என் தாளைப் பார்த்தேன். கரைக்கு ஒதுங்கினால் காற்று அடங்கும் என்று எழுதியிருந்தது.

தப்பு என்றேன். அங்கே காற்றே இருக்காது, கப்பல் நின்றுவிடும், புத்தகத்தில் இருக்கிறது என்றேன். எங்கள் எலப்புள்ளியில் இரண்டு பக்கமும் மலை, நடுவே கணவாய், மார்கழியில் கீழ்க்காற்று வந்தால் பனைமரமே வளையும் என்று நீ நிதானமாகத்தான் சொன்னாய். அத்தோடு நான் விட்டிருக்கலாம். “பனைமரத்தை வைத்துக் கடலை அளக்காதே. பார்க்காததைப் பார்த்த மாதிரி சொல்லாதே” என்றேன்.

“நீங்க மட்டும் பாத்திருக்கீங்களாக்கா?” என்றாய். பிறகு, மெதுவாக, “காத்து பொஸ்தகம் படிச்சுப்போட்டா வீசுதுங்க?”

அண்ணாச்சி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் என்னைச் சுட்டது. எட்டாவது படித்தவளிடம் இதற்குமேல் எதிர்பார்க்க முடியாது என்று சொன்னேன். ஆமாம், சொன்னேன். நீ உன் கதை நோட்டை மூடினாய். சோழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போனாய். அதற்குப் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் நீ கதை சொல்லவில்லை. டீச்சர் கேட்டதற்கு, “எனக்கெங்கீங்க தெரியும், அக்காவக் கேளுங்க” என்றாயாம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? என் பக்கம்தான் சரி என்று உனக்கு நிரூபிக்க, தம்பிக்கு எழுதிக் கேட்டேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. தீவுக்குப் பின்னால் ஒதுங்கினால்தான் காற்று அடங்கும், இரண்டு மலைத்தீவுகளுக்கு நடுவே அது நெருக்கிக்கொண்டு பாயும், அப்படி ஒரு வழியில் தங்கள் கப்பலே ஆடிப்போனது, உன் சிநேகிதி கடலில் வேலை பார்த்தவளா என்று எழுதியிருந்தான்.

இவர் அதைப் படித்துவிட்டு, “போய்ச் சொல்லிட்டு வா, என்ன குறைஞ்சுடும்?” என்றார். நாளைக்கு என்றேன். கடிதத்தைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். அதற்குப் பிறகு முழுசாக ஒரு வருடம் நீ பக்கத்து வீட்டில் இருந்தாய். உன் வீட்டில் ரசம் தாளிக்கும் சத்தம் எனக்குக் கேட்கும்.

உன் கணவருக்கு எலப்புள்ளிக்குப் பக்கத்தில் கஞ்சிக்கோட்டில் ஆலை வேலை கிடைத்து நீங்கள் புறப்பட்ட அன்று, ஜீப்பில் சாமான் ஏற்றிவிட்டு என் வாசலுக்கு வந்தாய். “போயிட்டு வர்றனுங்க்கா” என்றாய். சரி என்றேன். பீரோ பத்தடி தூரத்தில் இருந்தது.

நாங்களும் பாலக்காட்டுக்கே வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. இங்கிருந்து எலப்புள்ளிக்கு அரைமணி நேரப் பஸ். அவள் முதலில் வரட்டும் என்று நினைத்தேன். இவர் தவறிப்போனபோது நீ ஒரு கார்டு போட்டிருந்தாய், நான்கே வரி. அதற்கும் நான் பதில் எழுதவில்லை, ஏனென்றால் பதில் எழுதினால் இதையும் எழுத வேண்டியிருக்கும். நீ போய்விட்டதையே, உன் காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் டீச்சர் போனில் சொன்னாள்.

இப்போது சொல்கிறேன். நீ சொன்னதே சரி. தம்பியின் கடிதத்தை இதோடு வைக்கிறேன். இன்றும் யாராவது ஏதாவது சொல்லும்போது திருத்துவதற்கு என் நாக்கு எழும். எழும்போதெல்லாம் நீ நோட்டை மூடிய சத்தம் கேட்கும். பாதி நேரம் வாயை மூடிக்கொள்கிறேன். மீதி நேரம் திருத்திவிடுகிறேன். அவ்வளவுதான் நான் மாறியிருக்கிறேன்.

எலப்புள்ளி போன பிறகு உனக்கு ஒரு பெண் பிறந்ததாகக் கேள்வி. இந்தக் கவரை அவள்தான் பிரிப்பாள். ஆகவே கடைசி வரிகள் அவளுக்கு.

அம்மா, உன் தாய்க்கு ஒரு கதையை நடத்தத் தெரிந்த மாதிரி நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. நீ சிறுமியாக இருந்தபோது அவள் உனக்குக் கதை சொன்னாளா? சொன்னாள், சொல்லவில்லை, எதுவானாலும் உள்ளதை எழுது. எனக்காக மாற்ற வேண்டாம். போனில் எனக்குச் சரியாகக் கேட்பதில்லை. தபாலில் எழுது. முகவரி கவரின் பின்பக்கம் இருக்கிறது.