கிண்ணத்தின் விளிம்பு

நாரின்,
மே 18

என் குட்டிக்குதிரை சோல்பொனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை எமிலும் பேத்தி பெகிமாயும் அந்தக் கடலோர ஊரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் நலம், அப்படித்தான் தொடங்க வேண்டும், மீதியைப் படித்துக்கொண்டே வா. தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, கிழவிக்கு எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போன் உன் அப்பா சட்டைப் பையில் இருக்கிறது, நீ அனுப்புவதை எல்லாம் அவர்தான் எனக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறார், என் குரலில் நான் பேசினாலும் பக்கத்தில் நின்று திருத்தம் சொல்கிறார். அதனால்தான் இதை எதிர்வீட்டு அனார்குல்லின் தங்கை மகளிடம் கொடுத்தனுப்புகிறேன், அவள் உன் ஊருக்குத்தான் வேலைக்கு வருகிறாள். நல்ல பெண், ஆனால் சமைக்கத் தெரியாது, முதல் வாரம் கூப்பிட்டுச் சாப்பாடு போடு.

பனி இந்த வருஷம் போக மனமில்லாமல் போனது. செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. அனார்குல் கூரைக்கு நீலத் தகரம் போட்டுவிட்டு, வெயிலில் அது பளபளப்பதை நான் பார்க்க வேண்டும் என்பதற்காகவே தினமும் என்னை வாசலுக்குக் கூப்பிடுகிறாள். நீ அனுப்பிய காமிராவில் முதலில் எடுத்த படமும் அந்தக் கூரைதான், அவள் வாயை அடைக்க வேறு வழியில்லை.

காமிரா விஷயம் சொல்கிறேன். லென்ஸ் வாங்காதே, என் பழைய வெள்ளி லென்ஸ் இருக்கிறது என்று நான்தான் உன்னிடம் சொன்னேன். அதன் காமிராவை நீ நாலு வயதில் படியில் உருட்டி உடைத்தாய், லென்ஸ் மட்டும் பிழைத்துக்கொண்டது. பழைய லென்ஸைப் புதுக் காமிராவோடு இணைக்க நீ அனுப்பிய வளையத்தை இடையில் திருகி மாட்டினேன், அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. ஆனால் அந்தக் காமிரா, லென்ஸ் இல்லை என்று எழுதிக் காட்டிப் படமெடுக்க மறுத்துவிட்டது. எனக்கு வந்ததே கோபம். “நாற்பத்தாறு வருஷமா நான் வச்சிருக்கிறது அப்ப என்ன, முள்ளங்கியா?” என்று அதனிடமே கேட்டேன். உன் அப்பா சிரித்த சிரிப்பில் கோழிகள் பறந்தன. அப்புறம் நீ போனில் எந்த இடத்தில் அமுக்க வேண்டும் என்று சொன்னாய், லென்ஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை எடு என்று அதற்கு உத்தரவு போட்டோம், வழிக்கு வந்தது. ஃபோகஸ் நான் கையால்தான் திருப்ப வேண்டும், அதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, விரலுக்கு அந்த லென்ஸின் திருகல் மறக்கவே இல்லை. கண்தான் முன்போல் இல்லை. ஆனால் இந்தக் காமிராவில் ஒரு பொத்தானை அமுக்கினால் வேண்டிய இடம் மட்டும் பத்து மடங்கு பெரிதாகத் தெரிகிறதே, அதைக் கண்டுபிடித்தவன் பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்கட்டும்.

அந்தப் பொத்தான்தான் என் வயிற்றில் நெருப்பை வைத்தது.

இந்த லென்ஸால் நான் எடுத்த முதல் நல்ல படம் உன் அப்பா படம் என்று உனக்குத் தெரியும். நான் வேலை பார்த்த மாவட்டப் பத்திரிகைக்காக, சிறந்த ஓட்டுநர் ஷார்ஷென் என்று. லாரி ஷெட்டில் வெளிச்சமே இல்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் நில்லுங்கள் என்றேன். “எவ்வளவு நேரம் வேணா நிக்கிறேன், நீங்க மட்டும் போயிடாதீங்க” என்றார். நின்றார், கல்லாக நின்றார், நான் ஆறு படம் எடுத்தேன், ஆறிலும் கண்ணிமை கூட அசையவில்லை. அதே லென்ஸில் அதே ஆளை மறுபடி எடுத்து உனக்கு அனுப்ப ஆசைப்பட்டேன். சன்னலோரம் உட்கார வைத்து, கையில் தேநீர்க் கிண்ணம் கொடுத்து, முகத்துக்கு முன்னால் பிடிக்கச் சொல்லி, கிண்ணத்தின் நீலப் பூவில் ஃபோகஸ் வைக்கப் பார்த்தேன். பூ நிற்கவில்லை. பெரிதாக்கினேன், விளிம்பு நீந்தியது. என் கைதான் நடுங்குகிறது என்று நினைத்து, மெத்தைகளை மடித்து அடுக்கி அதன்மேல் காமிராவை வைத்தேன். அப்போதும் நீந்தியது. வளையம் ஆடுகிறது, மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி அனுப்பியிருக்கிறாய் என்று உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன், மன்னித்துக்கொள். உன் அப்பாவும் சேர்ந்து, “ஆமா ஆமா, வளையம்தான்” என்றார். அவ்வளவு சீக்கிரம் அவர் என் பேச்சுக்கு ஆமாம் போட்டு நான் பார்த்ததில்லை. மேசையில் இருந்த ரொட்டிப் பக்கம் திருப்பினேன், அதன் மேலிருந்த எள் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. உப்புக் கிண்ணம் அசையவில்லை. அனார்குல்லைக் கூப்பிட்டு அதே இடத்தில் அதே கிண்ணத்தோடு உட்கார வைத்தேன், அவள் மூக்குப் புள்ளி வரை தெளிவாக விழுந்தது. அவள் படத்தை இதோடு வைத்திருக்கிறேன், பார்த்துவிட்டுச் சிரிக்காதே.

சோல்பொன், போன இலையுதிர் காலத்திலிருந்தே உன் அப்பா தேநீரைக் குறைவாக ஊற்றச் சொல்கிறார். அரைக் கிண்ணம் கூட வேண்டாம், “கொஞ்சமா ஊத்து ஜூரா, உன் கையால பத்து தடவை வாங்கிக் குடிக்கணும்” என்பார். நம் பக்கத்தில் கிண்ணம் நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்றும் கொஞ்சமாக ஊற்றினால் இன்னும் இரு என்றும் அர்த்தமாயிற்றே, கிழவனுக்கு இந்த வயதில் என் மேல் எவ்வளவு மரியாதை என்று பூரித்துப்போனேன். அனார்குல்லிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். நிறைந்திருந்தால் சிந்தும், அதுதான் காரணம். எட்டு மாதம் எதிரில் உட்கார்ந்து ஊற்றிக்கொடுத்த எனக்குத் தெரியாதது ஒரு இயந்திரத்துக்குத் தெரிந்தது என்று நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள், கை ஏன் நடுங்குகிறது என்று கேட்டேன். “லாரி ஓட்டின கைடி, எஞ்சின் நின்னாலும் கொஞ்ச நேரம் அதிரத்தான் செய்யும்” என்றார். எஞ்சின் நின்று பதினோரு வருஷம் ஆயிற்று என்றேன். அதற்கு, “பொண்ணுக்கு எழுதின, அப்புறம் பாரு” என்றார். எழுதுகிறேன், என்ன செய்துவிடுவார். என்னை அரிப்பது நோய் மட்டும் இல்லை. நீ ஜூலையில் வந்ததும் பெகிமாயைத் தானே காரில் வைத்து சோங்-கோல் ஏரிக்கு ஓட்டிப்போவதாகச் சொல்லிவிட்டார், குழந்தையும் தினமும் போனில் தாத்தா கார், தாத்தா கார் என்கிறது. இரண்டு புது டயர் மாட்டியாயிற்று. ஏரிக்குப் போகும் வழியில் மோல்டோ கணவாயின் வளைவுகளை நீ மறந்திருக்க மாட்டாய். நீ ஓட்டாதே என்று என்னால் அவரிடம் சொல்ல முடியவில்லை. முப்பது வருஷம் அந்தக் கணவாய்தான் அவர் பேர், அவர் ஊர், எல்லாம். அதைப் பிடுங்க எனக்கு வாய் வரவில்லை, பிடுங்காமல் விட்டால் பேத்தியை நினைத்துத் தூக்கம் வரவில்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். பத்தொன்பது வயதில் அதே வளைவில் நீ சக்கரத்தைப் பள்ளத்தில் இறக்கினாய், அவர் சிரித்தார், இனி இந்த மலையில் ஓட்டமாட்டேன் என்று சபதம் போட்டாய். அந்தச் சபதத்தை எனக்காக விட்டுவிடு. அடுத்த தடவை பேசும்போது நீயாகச் சொல், “அப்பா, கணவாயை இந்தத் தடவை நான்தான் ஓட்டுவேன், நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லிக்கொடுங்க” என்று. கத்துவார், கிண்டல் செய்வார், கியர் மாற்றுவதற்கெல்லாம் குறை சொல்வார், எல்லாவற்றையும் வாங்கிக்கொள். வரும் வழியில் தலைநகரத்தில் நரம்பு டாக்டர் யார் என்றும் விசாரித்துவை. அதை அவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், அதற்கு எனக்கு வாய் இருக்கிறது.

அவர் படத்தையும் வைத்திருக்கிறேன். கடைசியில் கண்ணில்தான் ஃபோகஸ் வைத்தேன். முகம் தெளிவாக விழுந்தது, கை இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி இருக்கிறது. வளையத்தில் ஒரு குறையும் இல்லை. படத்தைப் பார்த்ததும் போனை எடுக்காதே, அழுது முடித்துவிட்டு எடு.

உன் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும், பெகிமாயின் பாதை வெளிச்சமாக இருக்கட்டும், மாப்பிள்ளைக்கு லீவு தராத முதலாளிக்கும் நல்ல புத்தி வரட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. இங்கே வந்து உன் கையால் அப்பாவுக்குத் தேநீர் கொடுக்கும்போது கிண்ணத்தின் அடி மறையும் அளவுக்கு மட்டும் ஊற்று, காலியானதும் கேட்காமல் மறுபடி ஊற்று. மகளுக்குத் தன்மேல் எவ்வளவு மரியாதை என்று அவர் பூரித்துப்போகட்டும்.

முத்தங்களுடன்,
உன் அம்மா ஜூரா