கடல் பார்க்கப் போன ஆட்டுக்குட்டி

அன்புள்ள தம்பி,

இதை எந்த விலாசத்துக்கு அனுப்புறது எண்டு தெரியேல்லை. எண்டாலும் எழுதுறன்.

கொட்டாஞ்சேனையில விடாத மழை. அலுமாரிக்குள்ள எல்லாம் பூஞ்சணம். துடைக்கேக்க உன்ர புத்தகம் அம்பிட்டுது. ஓம், கடல் பார்க்கப் போன ஆட்டுக்குட்டிதான். அதுக்குக் கடைசிப் பக்கம் கிழிஞ்சு போச்சு எண்டுதானே நினைச்சிருந்தம். சின்னனில முடிவை அப்பாதான் சொல்லுவார்: "விடிய ஆட்டுக்குட்டி வந்து கதவை முட்டிச்சுதாம்." நீ உடனே எழும்பிப் போய்த் தலையால கதவை முட்டுவாய்.

அந்தப் பக்கம் கிழியவே இல்லை, தம்பி. பள்ளிக்கூடம் துவங்கேக்க அப்பா எல்லாப் புத்தகத்துக்கும் கலண்டர் தாளில உறை போடுவாரே, அப்ப அதை மட்டையோட சேர்த்து மாப்பசையால ஒட்டியிருக்கிறார். ஈரத்தில இப்ப கழண்டு வந்திட்டுது. அதில தாய் ஆடு கரையில நிக்குது. முன்னால கடல். வேற ஒண்டும் இல்லை.

நீ வெளிநாட்டுக்கெண்டு படகில போனதில இருந்து முன்கதவைப் பூட்ட அப்பா விடுறேல்லை. வாசல்ல ஓட்டோ நிண்டாலும் படுக்கையில இருந்து தலையை நிமித்துவார். உன்னோட போன ஆக்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்து வீட்டுக்குப் போனில கதைச்சிட்டினம். அதை நான் அவருக்குச் சொல்லேல்லை.

இண்டைக்குப் பின்னேரம் அப்பாவுக்குப் பக்கத்தில இருந்து புத்தகத்தை வாசிச்சன். முடிவை அவர் சொல்லுற மாதிரியே சொன்னன். என்ர முகத்தைப் பார்த்தார்.

"ஒட்டினது கழண்டிட்டுதோ, பிள்ளை?"

ஓம் எண்டன்.

"அப்ப கதவைப் பூட்டிவிடு."

பூட்டியிருக்கிறன். வந்தால் முட்டு.

உன்ர அக்கா