முளைக்கம்பி இறங்கிய இடம்

நண்பா,

கோலசிலாங்கூரில் மகன் தன் வீட்டின் பின்புறம் இன்று கறுப்புக் குழாய்ச் சுருளை வெயிலில் பிரித்துப் போட்டிருந்தான். சூடேறிய பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நல்ல ஞாபகம் இல்லை.

எண்பதுகளில், பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் நம் தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். நம் மாடுகள் செம்பனைக் கன்றுகளைக் கடிக்கின்றன என்று துரை எல்லாவற்றையும் விரட்டச் சொன்னார். லயத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த மாடுகளை விட்டால் பால் ஏது? பம்பு வீட்டில் வேலை பார்த்த நீதான் ஆபீசில் போய் மல்லுக்கு நின்றாய். ஈயம் தோண்டிக் கழித்த மணல்மேட்டைக் காட்டினார் துரை. அங்கே புல்லை வளர்த்து அறுத்துப் போடுங்கள், புல் போனால் மாடும் போகும் என்றார்.

அந்த மணலில் மேலே ஊற்றுகிற தண்ணீரை வெயிலே குடித்துவிடும். நர்சரியில் கழித்துப்போட்ட துளைக்குழாய்களைக் கேட்டு வாங்கி, ஒரு சாண் ஆழத்தில் புதைத்தாய். "தண்ணி வேருக்குத்தான்டா. மேல காஞ்சிதான் கெடக்கும், பயப்படாத லா" என்பாய். நேப்பியர் புல் ஆளுயரம் வந்தது. உன் அலட்டல் அதைவிட உயரம்.

மாட்டுப் பொங்கலை அங்கேயே வைப்போம் என்றாய். கொம்பில் மஞ்சள் பூசிய உன் செவலையைக் கட்ட, முதல் முளைக்கம்பியை நீயே அடித்தாய். உன்னைப் பார்த்து லயமே ஆளுக்கொரு கம்பி அடித்தது. இருந்த சந்தோஷத்தில் குழாய் ஞாபகம் ஒருவருக்கும் வரவில்லை, உனக்கும்.

குழாயில் ஓட்டை விழுந்தது வெளியே தெரியவில்லை. தண்ணீர் மணலுக்குள் இறங்கிப் போயிற்று. மேலே வழக்கம்போலக் காய்ந்தே கிடந்தது. புல் மஞ்சளான பிறகுதான் தோண்டினோம். குழாய் நெடுக மணல் அடைத்திருந்தது. கம்பி குத்திய ஓட்டையில் விரலை வைத்தபடி உட்கார்ந்துவிட்டாய்.

"நாந்தான்டா குத்தினேன்."

வேறு குழாய் கேட்டுப் போனோம். துரை மாடு ஏற்றும் லோரியை அனுப்பினார். செவலை பலகையில் ஏறவே மாட்டேன் என்றது. கடைசியில் நீ கூப்பிட்ட குரலுக்குத்தான் ஏறியது.

ஒருவரும் உன்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாய், பழைய ஆளாக இருந்திருப்பாய். குடியில் விழுந்தாய். அடுத்த பொங்கலுக்கு நீ இல்லை. உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

இன்று மகன் தக்காளிச் செடிக்குக் குச்சி ஊன்ற வந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். குனிந்து மண்ணைக் கையால் தோண்டிப் பார்த்தேன்.

"குழாயே இன்னும் போடலப்பா" என்றான்.

தெரியும். இருந்தாலும் தோண்டினேன்.