இறங்கும்போது மட்டும்

பிப்ரவரி 9

குட்டிக்குப் பாஸ்போர்ட் படம் எடுத்தோம். இரண்டு காதும் தெரிய வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், என் கை தெரியக்கூடாது. என் கை இல்லாமல் அவள் உட்கார மாட்டாள். கடைசியில் படக்காரர் என் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி, என் மடியில் அவளை வைத்து எடுத்தார். "அசையாதீங்க மேடம். நீங்க இப்போ வெறும் சுவரு."

படத்தில் அவள் தனியாக இருக்கிறாள். பின்னால் வெள்ளையாக நான்.

பிப்ரவரி 11

நாத்தனார் கூப்பிட்டாள். பயணம் அவள் வீட்டுக்குத்தான் – கடல் தாண்டி, விமானத்தில் ஒரு பகல் முழுக்க. "வர்றதுக்குள்ள பாலை நிறுத்திடு. இல்லன்னா இங்க வந்தும் ஒரு மூலையில அவளை வச்சுக்கிட்டு உக்காந்திருப்ப. என் பொண்ணுக்கு ஒரு வயசுலயே நிறுத்திட்டேன். இப்போ என்ன கெட்டுப்போச்சு?"

நியாயம்தான். குட்டிக்கு இரண்டு முடிந்துவிட்டது. நிறுத்தத்தான் வேண்டும். யாருக்காக என்றுதான் தெரியவில்லை.

பிப்ரவரி 16

குழந்தை மருத்துவர்: "ப்ளேன் எறங்கும்போது காது அடைக்கும். எதையாவது உறிஞ்சி முழுங்கிக்கிட்டே இருந்தா வலிக்காது. தாய்ப்பால் குடிக்கிறாளா? அப்போ கவலையே இல்ல, குடுங்க."

ஆக, போவதற்காக நிறுத்த வேண்டும். போவதற்காகக் கொடுக்கவும் வேண்டும்.

என் வீட்டுக்காரனிடம் சொன்னேன். எதற்கும் அவனிடம் ஒரு நடுவழி இருக்கும். "எறங்கும்போது மட்டும் குடு. மத்த நேரம் கிடையாதுன்னு இப்பவே பழக்கிடுவோம்."

எப்படித்தான் இவ்வளவு சீக்கிரம் தெளிகிறானோ.

பிப்ரவரி 20

சாப்பாட்டு மேஜை நாற்காலிகள் கூடத்தில் வரிசையாக. என் துப்பட்டாதான் இருக்கை வார். அவன் விமானி, கரண்டியை வாயருகே பிடித்து அறிவிக்கிறான்: "பயணிகள் கவனத்துக்கு. அழறவங்களை ஜன்னல் வழியா எறக்கி விட்டுடுவோம்." குட்டி சிரித்துப் புரள்கிறாள். கடைசியில் விளக்கை மங்கலாக்கி, "எறங்குது, எறங்குது" – அப்போது பால். சாயங்காலம் ஒரே ஒரு முறை. மற்ற நேரம் கேட்டால், "ப்ளேன் இன்னும் எறங்கலடி கண்ணு."

பலிக்கிறது.

பிப்ரவரி 24

பலிக்கவில்லை. அல்லது அளவுக்கு மீறிப் பலித்துவிட்டது.

காலையில் நாற்காலி இழுபடும் சத்தத்தில்தான் விழித்தேன். தன்னைவிடப் பெரிய நாற்காலியை முட்டி மோதி இழுத்து வந்து, ஏறி உட்கார்ந்து, "எறங்குது!" மேலே போகவே இல்லை, அதற்குள் இறங்குகிறது. நான் பல் துலக்கும்போது இறங்குகிறது. துணி காயப்போடும்போது இறங்குகிறது. கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். "ஏம்மா, வீடு காலி பண்றீங்களா?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும்தான். பிறகு குளியலறைக்குப் போய் அழுதேன். எதற்கு?

பிப்ரவரி 25

கொடுத்துவிட்டேன். கேட்டபோதெல்லாம். அவனிடம் சொல்லவில்லை.

மார்ச் 2

அலுவலகத்தில் பாடநூல்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறோம், நானும் பக்கத்து மேஜைக்காரியும். இன்று பேனாவைக் காதில் செருகிக்கொண்டு கேட்டாள்: "குழந்தை விடமாட்டேங்குதா, நீ விடமாட்டேங்கிறியா? உண்மையைச் சொல்லு."

கிண்டலாகத்தான் கேட்டாள். அதற்குப் பிறகு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். பிழை இருப்பது தெரிந்தது. எங்கே என்று தெரியவில்லை.

குட்டி பிறப்பதற்கு முன்னால், நாலு பேர் இருக்கும் இடத்தில் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்றே எனக்குத் தெரியாது. இப்போது கைகளுக்கு வேலை இருக்கிறது. யாராவது வந்தால், "பசிக்குது போல" என்று அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடலாம். நாத்தனார் சொன்னாளே, அந்த மூலை – எனக்கு அது பிடித்திருக்கிறது. இதை யாரிடம் சொல்வது?

மார்ச் 5

சண்டை. அவன் பார்த்துவிட்டான்.

"நீயே பழக்கத்தைக் கெடுத்தா எப்படி? பாவம், அவளுக்குத்தான் குழப்பம்."

"அவளுக்கு ஒரு குழப்பமும் இல்ல. அவ தெளிவா கேக்குறா. எனக்குத்தான்டா ஒண்ணும் புரியல. குடுன்னு ஒருத்தர், நிறுத்துன்னு ஒருத்தர், நீ வேற கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு. ஒருத்தராவது எனக்கு வலிக்குதான்னு கேட்டீங்களா?"

மெதுவாகக் கேட்டான்: "வலிக்குதா?"

ஆமாம் என்றேன். எங்கே என்றான். சொல்லத் தெரியவில்லை.

மார்ச் 6

நாற்காலிகள் மேஜைக்கே திரும்பிவிட்டன. இனி ஒத்திகை இல்லை. கேட்டால் கொடுப்பது, கேட்காவிட்டால் சும்மா இருப்பது. இது முடிவா, முடிவெடுக்காமல் தப்பிப்பதா?

மார்ச் 13

காலையில் கேட்டாள். மாலையில் மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை.

மார்ச் 19

வந்து சேர்ந்துவிட்டோம்.

விமானம் தாழத் தொடங்கியதும் சால்வையைப் போர்த்திக்கொண்டு அவளை அருகே இழுத்தேன். திமிறினாள். ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு, "வேணாம்மா. லைட்டு பாரு. எவ்ளோ லைட்டு!" தரை தொடும்வரை பேச்சை நிறுத்தவில்லை. பேசிப் பேசியே எச்சில் விழுங்கியிருப்பாள். காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில் நான்தான் விழுங்க மறந்துவிட்டேன். என் இரண்டு காதும் அடைத்துக்கொண்டன.

இன்னும் திறக்கவில்லை. நாத்தனார் வீடே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் இருக்கிறது. எல்லோரும் வாயை அசைக்கிறார்கள். தேநீர் கொடுக்கும்போது நாத்தனார் ஏதோ கேட்டாள். மறுபடி கேட்க வெட்கம். சிரித்தபடி தலையாட்டி வைத்தேன்.

பிறகு பார்த்தால், நாத்தனார் மகளின் அறையில், கட்டிலை ஒட்டி, ஒரு சின்ன மெத்தை. குட்டி அதன்மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் கை காட்டிய விதத்தில் புரிந்தது: இனி அக்காவோடுதான் தூங்குவாளாம்.

நான் தலையாட்டியது இதற்குத்தான் போலிருக்கிறது.

கதவருகே நின்றேன். அவன் பின்னால் வந்து ஏதோ சொன்னான். "என்ன?" என்றேன். கத்தியிருப்பேன் போல – எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

குட்டி மட்டும் பார்க்கவில்லை.