வலமாகச் சுற்றாத கோள்

1975 ஏப்ரல் 20, ஞாயிறு

காலையிலேயே வெக்கை. குழாயில் நீர் இல்லை. வாங்க: காபிப் பொடி அரைக் கிலோ (கமலத்துக்கும் சேர்த்து), நீல மசி.

நேற்று ரஷ்ய மண்ணிலிருந்து நம் முதல் செயற்கைக்கோள் ஏறிற்று. பத்திரிகை முழுதும் அதுவே.

மாலை கமலம். கல்லூரியில் அவள் தமிழ், நான் இயற்பியல். ஓய்வு பெற்றும் என் காபியை விடாதவள். வெள்ளியன்று வானொலி மாதர் நிகழ்ச்சியில் அவள் பேச்சாம்.

"ராக்கெட்டைப் பத்தி நேக்கு என்னடி தெரியும்? நீ எழுதிக் குடு. எழுதினது இன்னார்னு உன் பேரைச் சொல்லச் சொல்றேன்."

சம்மதித்தேன். ஓய்வுக்குப் பின் என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

ஏப். 22

எழுதி முடித்தேன். ரஷ்யாவின் முதல் கோள், அடுத்து ஏறிய நாய், நிலவில் மனிதன், தும்பாவில் மாதா கோயிலில் தொடங்கிய நம் ராக்கெட் வேலை. கடைசியில்: மாட வீதித் தேர் வலமாகச் சுற்றும், இக்கோளோ, வடதுருவத்துக்கு மேலிருந்து நோக்கின், இடமாக. நல்ல வாக்கியம். பாத்திரம் தேய்க்க வரும் முனியம்மாவிடம்கூடப் பீற்றிக்கொண்டேன். தேவையா?

ஏப். 25, வெள்ளி

முனியம்மா பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு ரேடியோ எதிரில். "எழுதி வழங்குபவர்", பிறகு கமலத்தின் பெயர். அதோடு சரி.

கேட்டதெல்லாம் என் சொற்கள், இரண்டு இடம் நீங்கலாக. "இதை எழுத உட்கார்ந்தபோது என் மனத்தில் தோன்றியது நம் தேர்" என்று ஒரு செருகல். அப்புறம், கோளும் தேரைப் போலவே வலமாகச் சுற்றுகிறதாம்!

"இன்னாம்மா, உம் பேரு வரும்னே, அந்தம்மா பேருதான் வந்துகீது?"

"போய்ப் பாத்திரத்தைத் தேய்."

ஏப். 26

கமலம், மைசூர்பாகுடன். "பேரை அவா விட்டுட்டாடி, நான் சொல்லித்தான் இருந்தேன்."

எழுத உட்கார்ந்தது யார் என்று கேட்டேன். நெய் போதுமா என்றாள். திசையை ஏன் மாற்றினாய்?

"ஊரே கேக்கறச்சே அப்பிரதட்சிணமா சுத்தறதுன்னு வாயால சொல்லுவாளோ? அபசகுனம்!"

மைசூர்பாகு முனியம்மாவுக்கு.

ஏப். 30

தேனாம்பேட்டைக் கணித ஆசிரியர் ஒருவர், திசை தவறு என்று நிலையத்துக்கு எழுதிவிட்டாராம். விளக்கம் கேட்கிறார்களாம். கமலம் வியர்த்து விறுவிறுத்து வந்தாள்.

"நீ எழுதினதுன்னு சொல்லிடட்டுமாடி? நீ பிஸிக்ஸ். உன்னை ஒண்ணும் கேக்க மாட்டா."

ஆக, என் பெயர் மறந்துபோகவில்லை. நல்லதுக்கு அவள் பெயர், தவறுக்கு என்னுடையது. முப்பது வருஷமாக இவளைத்தான் சிநேகிதி என்று சொல்லிவந்திருக்கிறேன்.

"எழுதி வழங்கியவள் நீ. விளக்கத்தையும் நீயே எழுதி வழங்கு" என்றேன்.

காபி குடிக்காமல் போனாள். இது முதல் தடவை. கலந்ததைக் கொட்டினேன்.

மே 5

மூட்டம். மழை இல்லை. மசி தீரவில்லை.

"அந்த மாமி இன்னா, வர்றதே இல்ல?"

வாங்க: காபிப் பொடி கால் கிலோ.