கேந்திக்கு அது வராது

பிப்ரவரி 9, 1993

கல்கத்தாவில் பாதி எங்கள் வார்டில்தான் படுத்திருக்கிறது. எல்லோரும் வளர்ந்த ஆட்கள். வழக்கமாகக் காலராவில் குழந்தைகள்தான் வந்து விழும். இந்த முறை மீன் சந்தையில் கூடை தூக்குகிற தடியன்கள் அரிசி கழுவின தண்ணீராகப் போய்க்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டு அழுகிறார்கள். பார்க்கக் கொஞ்சம் சிரிப்பாகக்கூட இருந்தது.

ஆயாக்களில் இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டார்கள். கேந்தி மட்டும் நிற்கிறாள். சில வருடம் முன்பு அவளுக்குக் காலரா வந்தது, நான்தான் பிழைக்கவைத்தேன். அப்படி வந்து போனவர்களைத்தான் இந்த வார்டில் வேலைக்குப் போடுவோம். "ஒரு தடவை வந்தவளை அது திரும்பித் தொடாதுடி" என்று நான் சொன்னதை, அக்கா முறை வைத்து 'டாக்டர் தீதியே சொல்லிட்டாங்க' என்று இன்னும் பீற்றிக்கொண்டு திரிகிறாள். வாளியை மாற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்து பொரி தின்கிறாள்.

பிப்ரவரி 11

காலரா என்றால் சோதனைச் சீரம் விட்டதும் கிருமி திப்பிதிப்பியாகத் திரள வேண்டும். திரளவில்லை. வேறு புட்டி திறந்தேன். அதிலும் இல்லை.

கண்காணிப்பாளர் பாக்சிக்கு ஏகக் குஷி. "திரளலைன்னா காலரா இல்ல. வெறும் வயித்துப்போக்குன்னு எழுதும்மா. எதுக்கு வீணா ஊரைக் கிளப்பறே?"

எழுதினேன்.

பிப்ரவரி 16

ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஹிரண்மய் போன் செய்தான். கூடப் படித்தவன், நான் அனுப்பிய கிருமியைக் குடைந்து பார்த்திருக்கிறான்.

"காலராவேதான் நிரு. வேற ஏதோ கிருமிகிட்டேயிருந்து மரபணுத் துண்டு ஒண்ணைப் பிடுங்கிச் சொருகிக்கிட்டிருக்குன்னு நினைக்கிறேன். மேலுறை மொத்தமா மாறிப்போச்சு. நஞ்சு அதே நஞ்சு. அந்த நஞ்சே இரவல் சரக்கா இருக்கும், இடம் மாறிப் போற துண்டுலதான் உக்காந்திருக்கு. இதுங்களுக்கு ஏது வெட்கம்!"

"அப்போ முன்னாடி வந்து போனவங்க?"

"உடம்பு உறையைத்தான் ஞாபகம் வச்சிருக்கும். இதை அதுக்கு அடையாளமே தெரியாது. அதான் பெரியவங்களா வந்து விழறாங்க."

போனை வைத்ததும் கேந்தி நினைப்புதான் வந்தது. அவளிடம் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 17

சொல்லவில்லை.

சொன்னால் அவளும் ஓடிவிடுவாள். அப்புறம் யார் வாளி தூக்குவது — நானா? பாக்சியா? ஒருத்திக்காக வார்டையே சாகவிடுவதா? நியாயமாகத்தானே பேசுகிறேன்?

"கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவுடி" என்று மட்டும் சொன்னேன்.

"எனக்கா தீதி? என்னைத்தான் அது ஏற்கெனவே பார்த்துட்டுப் போயிடுச்சே!" என்று சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

பிப்ரவரி 22

கேந்தி வரவில்லை. வாளிகள் வழிகின்றன. சோம்பேறிக் கழுதை என்று எல்லோர் முன்னாலும் திட்டினேன்.

பிப்ரவரி 23

அவள் தங்கை பீணா கை ரிக்‌ஷாவில் போட்டுக் கொண்டுவந்தாள். கண் உள்ளே போய்விட்டது. நாடி இல்லை.

"நேத்தே கூப்பிட்டேன் தீதி. பழைய சோறு ஒத்துக்கலடி, எனக்கு அது வராதுன்னு டாக்டர் தீதியே சொல்லியிருக்காங்கன்னுட்டு படுத்துக்கிட்டா."

கையில், காலில், கழுத்தில் — எங்கே குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. "ஐயோ, நேத்து வந்திருந்தா பொழைச்சிருப்பாளேடி!" என்று பீணாவிடம் கத்தினேன். கேந்தி கடைசிவரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இருக்கிற தைரியம்.

மரணச் சான்றிதழில் வயிற்றுப்போக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 3

பீணா வேலை கேட்டு வந்தாள். அக்காவின் பிள்ளைகள் இப்போது அவள் தலையில்.

"அக்காவுக்கு வந்தது காலரா இல்லேன்னு நீங்களே எழுதிக் குடுத்தீங்க. எனக்குச் சின்ன வயசுலயே அது வந்து போயிடுச்சு தீதி. பயமில்லாம வேலை பார்ப்பேன்."

பாக்சி என் முகத்தைப் பார்த்தார். வார்டுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

நாளைக் காலையிலேயே வந்துவிடச் சொன்னேன்.